பச்சைக் கதவின் உடை விதிகள்

பச்சைக் கதவில் ஒட்டியிருந்த தாளை ரத்னவேல் மூன்று முறை படித்தான். முதல் முறை புரியவில்லை. இரண்டாம் முறை சிரிப்பு வந்தது. மூன்றாம் முறை படித்தபோது, பதினெட்டு வருடமாகத் துவாஸ் கப்பல் பட்டறையில் தான் கத்திக் கத்திச் சொல்லிவருவதை, சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் ஒரு சந்தில் யாரோ ஒரு குழந்தை கோணல் எழுத்தில் எழுதி ஒட்டியிருப்பதாகத் தோன்றி உடம்பு சிலிர்த்தது.

‘இந்த வார உடை விதிகள்’ என்று ஆங்கிலத்தில் தலைப்பு. அதன் கீழே:

உடையில் ஒரு பையாவது இருக்க வேண்டும். ஏன்? வழியில் கிடைப்பதை எங்கே வைப்பாய்?

புதன்கிழமை இரண்டு காலிலும் ஒரே ஜோடிக் காலுறை கூடாது. ஏன்? ஏடனிடம் ஒற்றைக் காலுறைகள்தான் மிச்சம். அவன் மட்டும் தனியாகத் தெரியக் கூடாது.

சென்ட் பூசக் கூடாது. ஏன்? மெய் லிங்குக்கு இழுப்பு வரும்.

தரையில் படுத்துப் படிக்க முடியாத உடையில் வராதே. ஏன்? நாற்காலிகள் போதாது.

உள்ளே வரும் பெற்றோருக்கும் இதே விதிகள். ஏன்? ஏன் கூடாது?

“பவி, பாரேன்! ஒவ்வொரு விதிக்கும் பக்கத்துல ஏன்னு எழுதியிருக்கு!” என்றான்.

பவித்ரா தாளைப் பார்க்கவில்லை. கதவருகே ஒரு கூடை நிறைய ஒற்றைக் காலுறைகள் கிடந்தன; அன்று புதன்கிழமை. “என்னங்க, இது ஸ்கூலா சர்க்கஸா?” என்று அவன் காதோரம் கேட்டாள். பதினேழு வருடம் ஆஸ்பத்திரி வார்டுகளில் சீருடை மடிப்புக் கலையாமல் வேலை பார்த்த நர்ஸ் அவள். அதற்குள் ரத்னவேல் குனிந்து, இடது காலில் தர்பூசணிப் படம் போட்டதையும் வலது காலில் ஊதா நிறத்தையும் மாட்டிக்கொண்டிருந்தான்.

இருவருக்கும் நடுவே கவிப்ரியா நின்றாள். பதிமூன்று வயது. விரல் நுனிகூட வெளியே தெரியாத அளவுக்கு நீளக் கை வைத்த சாம்பல் நிற மேல்சட்டை.

பிப்ரவரியிலிருந்து அவள் பள்ளிக்குப் போகவில்லை. பழைய பள்ளியில் யாரும் அவளைத் திட்டவில்லை, யாரும் சீண்டவில்லை. ஆசிரியர்கள் வீடு தேடி வந்து விசாரித்த நல்லவர்கள். ஆனால் காலையில் சீருடையைப் போட்டுக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தால் அவளால் எழுந்திருக்க முடியாமல் போனது. பூன் லே வீட்டின் ஒன்பதாவது மாடி ஜன்னலில், மற்ற பிள்ளைகள் பேருந்து நிறுத்தத்துக்கு நடப்பதைப் பார்த்தபடியே பத்து மணி வரை உட்கார்ந்திருப்பாள். பேச்சும் கூடவே வற்றியது. முதலில் நீள வாக்கியங்கள் போயின. பிறகு குட்டி வாக்கியங்கள். ஆகஸ்ட் வந்தபோது ‘ம்’ என்பது மட்டும் மிஞ்சியிருந்தது.

அந்த இடத்தை ரத்னவேல் தன் பேச்சால் நிரப்பினான். டாக்டர் அவளைக் கேட்டால் இவன் சொன்னான். உணவங்காடியில் “பொண்ணுக்கு மீ கோரெங் நூடுல்ஸ், காரம் கம்மியா” என்று இவன் சொன்னான். அவள் மனதில் ஓடுவதெல்லாம் தனக்குத் தெரியும் என்று உண்மையாகவே நம்பினான். தெரியாவிட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

பள்ளியை நடத்தும் ஹலீமா மூவரையும் தரைப்பாயில் உட்காரவைத்துப் பேசினார். ஐம்பது வயதிருக்கும். ஒரு காலில் மஞ்சள் காலுறை, மறு காலில் கோடு போட்டது. இருபத்தாறு பிள்ளைகள், நான்கு ஆசிரியர்கள். பள்ளி இறுதி ஓ லெவல் தேர்வைத் தனியாக எழுதலாம். பவித்ரா கேட்ட எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது.

“இந்த விதியெல்லாம் யாரு போடறது?” இது ரத்னவேல்.

“பசங்கதான். வெள்ளிக்கிழமை மீட்டிங்ல. ஏன்னு கேட்டா பதில் இருக்கணும், அவ்வளவுதான். போன மாசம் எல்லாரும் தொப்பி போடணும்னு ஒரு விதி இருந்துச்சு. ஏன்னு கேட்டப்போ, எழுதின பொண்ணுக்கே ஞாபகம் இல்ல. கிழிச்சுப் போட்டுட்டோம்.”

ரத்னவேல் தொடையில் தட்டிச் சிரித்தான்.

“கவிப்ரியா நாலு வாரம் வரட்டும்,” என்றார் ஹலீமா. “பேசணும்னு இல்ல. எழுதணும்னு இல்ல. ஆனா நாலாவது வெள்ளிக்கிழமை மீட்டிங்ல அவ ஒரு புது விதி சொல்லணும். ஏன்னு கேட்டா பதில் சொல்லணும். இங்க சேர்ற எல்லாரும் அப்படித்தான் சேர்ந்தாங்க. நானும்தான்.”

“நீங்க என்ன சொன்னீங்க மேடம்?”

“ஹலீமான்னே கூப்பிடுங்க. யாரோட முக்காட்டையும் தலைப்பாகையையும் கேக்காம தொடக் கூடாதுன்னு சொன்னேன். ஏழு வயசுப் பையன் ஒருத்தன் இருபது நிமிஷம் என்னை விடலையே!”

பவித்ரா சிரிக்கவில்லை. “அவ சொல்லலேன்னா?”

“அப்ப இந்த இடம் அவளுக்கு ஒத்து வரலைன்னு அர்த்தம். வெளிய பதினோரு பேர் காத்துட்டு இருக்காங்கம்மா.”

“சொல்லுவா, கவி சூப்பரா சொல்லுவா!” என்றான் ரத்னவேல். கவிப்ரியா தன் காலுறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரயிலில் வீடு திரும்பும்போது, மகள் காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டதும் பவித்ரா தாழ்ந்த குரலில் சொன்னாள்: “வீட்டுப் பக்கத்து ஸ்கூல்ல அவளுக்கு இடம் வச்சிருக்காங்க. மாசக் கடைசி திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். அந்த வெள்ளிக்கிழமை இவ வாயைத் திறக்கலேன்னா, நான் யூனிஃபார்ம் வாங்கப் போறேன். இப்பவே சொல்லிட்டேன்.”

“மறுபடியும் அந்தக் கட்டில் ஓரத்துல உக்காரணுமா அவ?”

“வேற என்னதான் செய்யச் சொல்றீங்க?” அவள் குரல் உடைந்தது. அவன் தலைக்குள் காலுறைகள் நடனமாடிக்கொண்டிருந்தன.

மறுநாள் காலை ஏழரைக்குக் கப்பல் பட்டறையில் டூல்பாக்ஸ் மீட்டிங். வேலை தொடங்குமுன் எல்லாரும் வட்டமாக நின்று, அன்றைய ஆபத்துகளைப் பேசி, தலைக்கவசம் முதல் காலணி வரை சரிபார்க்கும் பத்து நிமிடம். பாதுகாப்பு அதிகாரி ரத்னவேல்தான் அதை நடத்துவான். பதினெட்டு வருடமாக ஒரே மாதிரி நடத்தியவன், அன்று புதிதாக வந்திருந்த ஒரு வெல்டரைக் கூப்பிட்டான்.

“தம்பி, கையுறை ஏன் போட்டிருக்க?”

“நீங்க போடச் சொன்னீங்கண்ணே.”

“அது பதில் இல்ல!” ரத்னவேல் கிட்டத்தட்டக் குதித்தான். “நான் சொன்னேன்னு போட்டா, நான் இல்லாதப்போ கழட்டிடுவ. ஏன்? உன் வாயால சொல்லு!”

பிறகு பச்சைக் கதவுப் பள்ளியைப் பற்றிச் சொன்னான். வட்டம் ஆர்வமாகக் கேட்டது. ஃபோர்மன் ஜமால் முகம்மது தலைக்கவசத்தைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு கேட்டார்: “ரெண்டு கால்ல ரெண்டு விதமா? நம்ம டார்மிட்டரில தினமும் அப்படித்தானே நடக்குது. அந்த ஸ்கூல்ல எங்களுக்கும் சீட் கிடைக்குமா?”

“உங்களுக்குக் கிடைக்காது பாய். உங்க சென்டுக்கு அந்தச் சின்னப் பொண்ணு ஓடியே போயிடும்.”

கிரேன் ஓட்டுநர்கூட மேலிருந்து சிரித்தார்.

அன்றிலிருந்து அந்தப் பட்டறையில் எல்லாரும் ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டார்கள். ரத்னவேலோ காலை எட்டரையிலிருந்து ஒன்பது வரை எங்கே நின்றாலும் ஒரு கண்ணைக் கைப்பேசியில் வைத்திருந்தான். மாலை ஷிஃப்டுக்கு மாறியிருந்த பவித்ராதான் மகளைக் கூட்டிப்போனாள். தினமும் அவளிடமிருந்து மூன்று செய்திகள் வரும். ‘எழுந்துட்டா.’ ‘டிரஸ் பண்ணிட்டா.’ ‘கிளம்பிட்டோம்.’ கட்டில் ஓரத்தில் உட்காரவே இல்லை! மூன்றாவது செய்தி வந்ததும் அவன் படகுத்துறையில் யாரும் பார்க்காத இடமாகப் போய்க் கைமுட்டியை ஒருமுறை காற்றில் குத்திவிட்டு வருவான்.

மாலையில் வீட்டுக்கு வந்ததும், மறுநாள் விதிகளுக்கேற்ற உடையைச் சோபாவில் வரிசையாக அடுக்கிவைத்துச் சரிபார்ப்பான். “பை? இருக்கு. சென்ட்? இல்ல. தரையில படுக்கலாமா? படுத்துக் காமி!” கவிப்ரியா கூடத்தில் படுத்துக் காட்டுவாள். ஒரு நாள் படுத்தபடியே சிரித்தாள். சத்தம் வராத சிரிப்புதான், ஆனாலும் சிரிப்பு. இரண்டாவது வாரத்தில் பவித்ரா சர்க்கஸ் என்ற சொல்லைக் கைவிட்டாள்.

ஆனால் மீட்டிங்கில் அவள் பேசவில்லை. முதல் வெள்ளி, இரண்டாம் வெள்ளி, மூன்றாம் வெள்ளி. “கேக்கறா. ரொம்ப நல்லாக் கேக்கறா,” என்றார் ஹலீமா. கேட்பதற்கு மதிப்பெண் இல்லையே என்று ரத்னவேல் மிச்சமிருந்த நாட்களை எண்ணினான்.

அப்போதுதான் அவன் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினான். ஆபத்து மதிப்பீட்டுப் படிவம் ஒன்றை எடுத்தான். பள்ளியின் பின்கட்டில் மரவேலைக் கூடம் இருந்தது. சுழலும் மண்பாண்டச் சக்கரமும் இருந்தது. ‘தொங்கும் நாடா, கயிறு உள்ள உடையில் கூடத்துக்குள் வரக் கூடாது.’ ஏன் என்ற கட்டத்தில் நான்கு வரி. ஆபத்து நடக்கும் வாய்ப்புக்கு மூன்று புள்ளி, விளைவுக்கு நான்கு. படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, அலுவலகத்தில் பிளாஸ்டிக் உறையிட்டுக் கொண்டுவந்தான். பார்க்கவே அழகாக இருந்தது. பதினெட்டு வருடத்தில் அவன் எழுதிய மிகச் சிறந்த படிவம் அதுதான்.

“கவி, இதைப் பாரு! வாசிச்சா போதும்!”

அவள் வாங்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். “அப்பா, நான்…” என்று தொடங்கினாள்.

“பயப்படாதடா. என்ன கேட்டாலும் பதில் இதுலயே இருக்கு.”

அவள் வாய் மூடிக்கொண்டது. அதை அவன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

நாலாவது வாரம் கதவில் ஒரு புது விதி முளைத்திருந்தது: ‘சந்தின் அந்தக் கோடியிலிருந்து பார்த்தாலே நீதான் என்று தெரிகிற ஒன்றை அணிந்து வா. ஏன்? தேக்கா சந்தையில் ஒருவன் தொலைந்துபோனான்.’ பெற்றோருக்கும் சேர்த்துத்தான். வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ரத்னவேல் துவாஸிலிருந்து நேராக வந்தான், பட்டறையின் ஒளிரும் மஞ்சள் மேலங்கியோடு. முதுகில் கொட்டை எழுத்தில் ‘சேஃப்டி’. தூரத்திலிருந்து தெரிய இதைவிட வேறென்ன வேண்டும்? ரயிலில் எல்லாரும் பார்த்தார்கள். அவன் நிமிர்ந்து நின்றான். பவித்ரா வேலைக்குப் போயிருந்தாள். “நாலு மணிக்கு பிரேக். அதுக்கு முன்னாடி கூப்பிட்டு என் உயிரை வாங்காதீங்க,” என்று சொல்லியிருந்தாள்.

மீட்டிங் மாடிக் கூடத்தில் நடந்தது. இருபத்தாறு பிள்ளைகளும் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி தலையில் குடை விரித்திருந்தது. ஒருவன் முதுகில் மீன் வலை. பெற்றோருக்கு ஜன்னலோரம் ஒரு பெஞ்சு. தலைவி பதினைந்து வயது வர்ஷா. வீட்டில் தமிழ் பேசும் பெண்தான். ஆனால் கூட்டம் ஆங்கிலத்தில்.

“அடுத்து கவிப்ரியா.”

கவிப்ரியா எழுந்தாள். உறையிட்ட தாளை இரண்டு கையாலும் பிடித்து, மெல்லிய குரலில் முழுதாக வாசித்தாள். ரத்னவேலின் உதடுகள் கூடவே அசைந்தன.

அவள் முடித்ததும், அந்தப் பள்ளியின் வழக்கப்படி இருபத்தாறு தொண்டைகள் ஒன்றாகக் கேட்டன: “ஏன்?”

அவள் அடுத்த நான்கு வரிகளையும் வாசித்தாள். வெய் ஜியே என்ற பையன், மீன் வலைக்காரன், கை தூக்கினான். “இங்க யாராவது அப்படி மாட்டியிருக்காங்களா?”

தாளில் அதற்குப் பதில் இல்லை.

கவிப்ரியா தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமை. மின்விசிறி சுற்றியது. ஐந்து விநாடி, ஆறு விநாடி. ஏழு. எட்டு. ரத்னவேலால் பொறுக்க முடியவில்லை. எழுந்துவிட்டான்.

“இங்க இல்ல, எங்க பட்டறையில நடந்திருக்கு!” என்று தொடங்கி, சுழலும் வின்ச் இயந்திரத்தில் ஒரு தொழிலாளியின் சட்டை நாடா சிக்கிய கதையை, நிறுத்து பொத்தானைத் தான் பாய்ந்து அமுக்கியதை, அந்த ஆள் சட்டை போய் உயிர் பிழைத்ததைச் சொல்லி முடித்தான். பிள்ளைகள் மூச்சுவிடாமல் கேட்டார்கள். குடைக்காரி கைதட்டினாள். ரத்னவேல் வெற்றியோடு மகளைப் பார்த்தான்.

அவள் உட்கார்ந்துவிட்டிருந்தாள்.

“அருமையான விதி அங்கிள்,” என்றாள் வர்ஷா தமிழில், மிகவும் மரியாதையாக. “ஆனா இது உங்க விதி. பெற்றோரும் விதி சொல்லலாம், மாசத்துல முதல் திங்கக்கிழமை. அன்னைக்கு வாங்க, நான் கண்டிப்பா ஓட்டுப் போடறேன். இப்ப கவிப்ரியாவோட முறை இன்னும் அப்படியேதான் இருக்கு.”

ரத்னவேலின் காது சூடானது. தான் என்ன செய்துவிட்டோம் என்பது அவனுக்கு மெல்ல உறைத்தது. நான்கு வாரமும், மகள் சத்தமில்லாமல் சிரித்த சிரிப்பும், தினமும் வந்த மூன்று செய்திகளும் அவன் கையாலேயே கீழே விழுந்து நொறுங்குகின்றன. திங்கட்கிழமை பவித்ரா சீருடை வாங்கப் போவாள். அவன் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தான்.

“கவிப்ரியா, வேற ஏதாவது இருக்கா? இல்லேன்னா பரவாயில்ல,” என்றாள் வர்ஷா.

கவிப்ரியா உறையிட்ட தாளைத் தரையில் குப்புற வைத்தாள். எழுந்தாள். சட்டையின் நீளக் கைகளை முழங்கை வரை மடித்து ஏற்றினாள். இருபத்தாறு பேர் காத்திருந்தார்கள். அவர்களுக்குக் காத்திருக்கத் தெரிந்திருந்தது.

“அப்பா அம்மாக்கள் வேலை உடையோட உள்ள வரக் கூடாது,” என்றாள்.

“ஏன்?”

“ஏன்னா…” அவள் ஜன்னலோரம் திரும்பி, மஞ்சள் மேலங்கியைப் பார்த்தாள். “அதைப் போட்டா எங்கப்பா எல்லாரையும் காப்பாத்த ஆரம்பிச்சுடுவார்.”

யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். அவள் நிறுத்தவில்லை. ஆங்கிலத்தில்தான் பேசினாள், இடையிடையே தமிழ் வந்தது.

“அவர் ரொம்ப நல்ல சேஃப்டி ஆபீசர். ஒருத்தர் விழறதுக்கு முன்னாடியே ஓடிப் பிடிக்கிறதுதான் அவர் வேலை. ஆனா நான் விழப்போறதே இல்லை, அப்பவும் ஓடி வர்றார். டாக்டர் என்னைக் கேட்டா அவர் சொல்றார். கடைக்காரர் என்னைக் கேட்டா அவர் சொல்றார். எனக்கு மீ கோரெங் பிடிக்காது. ஆறு மாசமா அதைத்தான் சாப்பிடறேன்.”

கூடம் குலுங்கிச் சிரித்தது. ரத்னவேல் வாயைப் பிளந்தான்.

“எனக்கு யோசிக்கக் கொஞ்சம் நேரம் வேணும். ரொம்ப இல்ல, கொஞ்சம். வார்த்தை வந்துட்டே இருக்கும், அதுக்குள்ள வேற யாராவது பதில் சொல்லி முடிச்சுடறாங்க. அப்புறம் என் வார்த்தை திரும்பிப் போயிடுது. பழைய ஸ்கூல்லயும் அப்படித்தான். எல்லாரும் ரொம்ப வேகம். யாரு மேலயும் தப்பு இல்ல. அதனாலதான், உள்ள வரும்போது டாக்டர், போலீஸ், சேஃப்டி எல்லாத்தையும் வெளிய விட்டுட்டு, அப்பா அம்மாவா மட்டும் வந்தா நல்லாயிருக்கும்.”

வெய் ஜியே விடுவதாக இல்லை. “டிரஸ்ஸைக் கழட்டினா ஆள் மாறிடுவாங்களா?”

அவள் யோசித்தாள். “தெரியல. டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம்.”

எல்லாத் தலைகளும் ஜன்னல் பக்கம் திரும்பின. ரத்னவேல் எழுந்து மேலங்கியைக் கழற்றி, மடித்து, பெஞ்சுக்குக் கீழே தள்ளினான். வெள்ளை டீ-சட்டையில் திடீரென்று குளிர்ந்தது.

“சரி,” என்றான் வெய் ஜியே. “வேலையிலேர்ந்து நேரா வர்றவங்க என்ன பண்ணுவாங்க? எங்கம்மா பஸ் ஓட்டறாங்க. அவங்க உடுப்பை எங்க வைக்கிறது?”

ரத்னவேலிடம் பதில் இருந்தது. ஒன்றல்ல, மூன்று இருந்தன. நாக்கு நுனியில் வந்து நின்று கதவைத் தட்டின. அவன் இரண்டு கையாலும் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். எட்டு விநாடி. பத்து. கவிப்ரியா கூரையைப் பார்த்தாள். பதினான்கு. இப்போது அவளைப் பார்க்கையில், அவள் திணறவில்லை என்பது அவனுக்குத் தெரிந்தது. அவள் வேலை செய்துகொண்டிருந்தாள். இத்தனை மாதமும் அவன் பார்த்துப் பயந்த முகம் இதுதானா? பதினேழு.

“கீழே அஞ்சடியில ஆணி அடிக்கலாம்,” என்றாள். கடைவீடுகளின் முன்னால் ஓடும் நடைவழியை அந்தச் சந்தில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

“மழை பெஞ்சா?”

“அஞ்சடிக்குக் கூரை இருக்கு லா!”

வெய் ஜியேவே சிரித்துவிட்டான். வாக்கெடுப்பில் பத்தொன்பது கைகள் உயர்ந்தன. மெய் லிங் இரண்டு கையையும் தூக்கியதால் ஒருமுறை மறுபடி எண்ணினார்கள். “விதி ஏத்துக்கப்பட்டது,” என்றாள் வர்ஷா. “கவிப்ரியா, நீ இங்க வர்றியா?”

“வரேன்,” என்றாள் அவள். உடனே சொன்னாள்; இதற்கு யோசிக்க நேரம் தேவைப்படவில்லை.

ரத்னவேல் கீழே இறங்கி வெளியே வந்தபோது மணி மூன்றரை. மேலே மீட்டிங் தொடர்ந்தது; அடுத்த விதியில் யாரோ யாரையோ மடக்க, ‘ஏன்’ என்ற கூச்சலில் மகளின் குரலும் கேட்டது. அவன் சந்தின் கோடி வரை நடந்தான், திரும்பி வந்தான், மறுபடியும் நடந்தான். நாலு மணிக்குச் சரியாக இரண்டு விநாடி முன்னால் பவித்ராவை அழைத்தான்.

“என்ன ஆச்சு? பேசினாளா?”

“பேசினா பவி! என்னைப் பத்திப் புகார்! அத்தனை பேர் முன்னாடியும்! ஏழு நிமிஷம்! இங்கயே வர்றேன்னு சொல்லிட்டா!”

மறுமுனையில் பவித்ரா ஒரு தள்ளுவண்டியை ஓரமாகத் தள்ளும் சத்தம் கேட்டது.

“பவி?”

“ஏழு நிமிஷமா?” அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. “எனக்குப் பதினஞ்சு நிமிஷம் பிரேக் இருக்கு. அவ என்னென்ன சொன்னா? ஒண்ணு விடாம சொல்லுங்க.”

ரத்னவேல் வாயைத் திறந்தான். மீ கோரெங், ஆணி, கூரை எல்லாம் முண்டியடித்து வந்தன. அப்படியே நிறுத்தினான்.

“நான் சொல்லல பவி. அவளே சொல்லுவா.”

“என்னது? நீங்களா? எனக்கு ராத்திரி வரைக்கும் தாங்காதுங்க!”

“எனக்கும்தான் தாங்கல,” என்றான் அவன், சந்து முழுக்கக் கேட்கும்படி சிரித்துக்கொண்டே. “நீ வேலை முடிஞ்சு வா. மூணு பேரும் உக்காந்து கேப்போம். எவ்வளவு நேரமானாலும் பரவாயில்ல, அவ மெதுவாச் சொல்லட்டும்.”